அந்தியில் நடந்த நட்சத்திரம்

தென்காசி பஜாரில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கும் மண்டி வைத்திருந்த குற்றாலிங்கம் பிள்ளைக்கு ஒரே மகள். பெயர் சண்முகசுந்தரி. எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சையில் பூகோளத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினாள். அந்த வாரமே பெரிய மனுஷியும் ஆனாள். சடங்கு முடிந்து, பந்தலைப் பிரித்து, வாழைமரத்தை மாட்டுக்கு வெட்டிப் போட்ட பிறகு, "நாளைக்குப் பள்ளிக்கூடம் போணும்லாம்மா?" என்று கேட்டாள். அம்மா கோமதியம்மாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்ததும், "இனி எதுக்குட்டி?" என்றாள். அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அந்தத் தெருவில் அது ஒரு செய்தியே அல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணும் எதிர்வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் உள்ளே போனார்கள். கல்யாணத்தன்றுதான் வெளியே வருவார்கள். வந்து இன்னொரு வீட்டுக்குள் போவார்கள்.

சுந்தரியை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அப்பா கடை சாத்தி வரும்போது மல்லிகைப்பூவும் அல்வாப் பொட்டலமும் வாங்கி வந்தார். ஆனால் வாசல் நடையைத் தாண்டக் கூடாது, ஜன்னலோரம் நிற்கக் கூடாது, ஆண்கள் யாரும் வந்தால் இரண்டாங்கட்டுக்குப் போய்விட வேண்டும். சில மாதங்களில் வீடு முழுக்க அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. எந்தத் தூணில் எறும்பு எந்தப் பக்கமாக ஏறும் என்பது வரைக்கும் தெரிந்துபோனது. தெருவில் குதிரைவண்டி போனால், சத்தத்தை வைத்தே அது ஸ்டேஷனுக்குப் போகிறதா குற்றாலத்துக்குப் போகிறதா என்று சொல்லிவிடுவாள்.

மொட்டைமாடிக்கு மட்டும் போகலாம். அதுவும் காலையில் வற்றல் காயப்போடவும் அந்தியில் அள்ளிக்கொண்டு வரவும். அங்கிருந்து பார்த்தால் கோயிலின் இடிந்த மொட்டைக் கோபுரமும் அதற்குப் பின்னால் மலையும் தெரியும். அவர்கள் மாடியும் பின்தெரு ஜாஹிரா பீவி வீட்டு மாடியும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான். ஜாஹிராவுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் கொழும்பில் ஜவுளிக்கடையில் இருந்தான். கல்யாணமான வருஷம் கப்பலேறியவன், அதன்பிறகு இரண்டே தடவைதான் வந்து போயிருந்தான். மாமியார் வீட்டில் அவளுக்கும் மாடிதான் காற்று. அவளுடைய தம்பி யாக்கூப் ரயில்வே ஸ்டேஷன் கடையிலிருந்து அக்காவுக்குக் கதைப் பத்திரிகைகள் வாங்கிக் கொடுப்பான். படித்து முடித்ததும் ஜாஹிரா அவற்றைச் சுவரைத் தாண்டி நீட்டுவாள்.

மாயமும் மந்திரமும் நிறைந்த தொடர்கதைகள் அவை. வளர்ந்த பிள்ளைகளுக்கென்றே எழுதியவை. அவற்றில் ஒன்றைச் சுந்தரி உயிராகப் படித்தாள். காந்தளி என்று ஒரு பெண். பதினாறு வயது. அவளுடைய சிற்றப்பன் அவளைக் கடலோரத்துக் கல்கோட்டையில் அடைத்துவைத்திருக்கிறான். ஒருநாள் அந்திநேரம் மேற்கிலிருந்து துடுப்பில்லாத ஒரு வான்படகு வந்து அவள் ஜன்னலோரம் நிற்கிறது. அவள் ஏறிப் போகிறாள். மாதாமாதம் ஒவ்வொரு தேசம். வழியில் ஒரு இளவரசனும் வருவான். சுந்தரி இளவரசன் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பாள்.

"அதென்னட்டி, நல்ல இடத்தத் தள்ளிட்டுப் போற?" என்று ஜாஹிரா சிரிப்பாள்.

"அவன் வந்தா ஒரே இடத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்கக்கா. படகு நின்னு போகுது."

காந்தளி எந்தக் காட்டில் இறங்கினாள், அங்கே என்ன சாப்பிட்டாள், ராத்திரி எதைப் போர்த்திக்கொண்டு படுத்தாள் என்பதெல்லாம்தான் அவளுக்கு வேண்டும். அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எல்லாவற்றையும்விட, அந்தக் கதையில் படகு வந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. காந்தளி யாரையும் கேட்கவில்லை. யாருடைய உத்தரவும் வாங்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, போனாள்.

அறுபத்தொன்று தை மாசம். மழைக்காலம் முடிந்து வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. சுந்தரி மாடியில் சுண்டவற்றலை அள்ளிக்கொண்டிருந்தபோது மலைக்கு மேலே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தாள். அந்த நேரத்துக்கு வெள்ளி தெரிவது வழக்கம்தான். ஆனால் வெள்ளி அதன் இடத்தில் தனியே இருந்தது. இது இன்னொன்று. இது நகர்ந்தது.

அவசரமில்லாமல், சத்தமில்லாமல், கோயில் யானை தெருவில் வருவதுபோல ஒரே சீராக மேலே ஏறி வந்தது. மினுக்கவில்லை. தலைக்கு நேர் மேலே வந்து, கிழக்கே கொஞ்சதூரம் போனது. பிறகு, நடுவானத்தில், ஒரு மேகம்கூட இல்லாத இடத்தில், சட்டென்று அணைந்துபோனது. சுந்தரி கையிலிருந்த சுளகு சாய்ந்து வற்றல் முழுவதும் தரையில் கொட்டிக் கிடந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள். குற்றாலிங்கம் பிள்ளை மோர்ச்சோற்றைப் பிசைந்தபடியே, "மலையில லாரி வரும்லா. அந்த வெளிச்சம்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, திருவனந்தபுரத்துக்குப் போகிற பிளேன் என்றார். பிளேன் என்றால் சத்தம் கேட்காதா என்று சுந்தரி கேட்டதற்கு, "ஒசரத்துல போனா கேக்காது" என்று முடித்துவிட்டார். வேலைக்காரி, அது கொள்ளிவாய்ப் பிசாசு, செத்துப்போன யாரோ அலைகிறார்கள் என்றாள். ஜாஹிரா மட்டும்தான் மறுநாள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். அவள் படித்த ஒரு பத்திரிகையில் பறக்கும் தட்டு என்று போட்டிருந்ததாம். வேறு கிரகத்திலிருந்து வருகிறவர்கள். அமெரிக்காவில் வயல்காட்டில் இறங்கினார்களாம்.

"இங்கன வந்து எறங்குவாங்களாக்கா?"

"இங்கன எறங்க எடம் ஏது? மாடி முழுக்க வத்தல்லா கெடக்கு."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்தடுத்த நாட்களிலும் அது வந்தது. சில நாள் வராது. சில நாள் வடக்கே ஒதுங்கிப் போகும். சில நாள் மேகத்தில் மறைந்துவிடும். ஒருமுறை ஜாஹிராவும் கூடவே நின்று பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, "யா அல்லா" என்றாள்.

சுந்தரி அதை வான்படகு என்று நம்பினாளா? பதினாறு வயதுப் பெண். பூகோளத்தில் முதல் மார்க் வாங்கியவள். கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் அந்தி நெருங்கினால் அவளுக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் ஒரு பழைய துண்டில் மாற்றுப் பாவாடை தாவணி ஒன்று, சீப்பு, கொஞ்சம் அவல், வெல்லக்கட்டி எல்லாம் வைத்து முடிந்தாள். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். எங்கேயும் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மூட்டை அங்கே இருக்கிறது என்ற நினைப்போடு பாத்திரம் தேய்க்கும்போது கை லேசாக இருந்தது.

மூட்டையை அம்மா கண்டுபிடித்தாள். அதைவிட மோசம், அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது அப்பா எதிரே வந்துவிட்டார்.

வயசுப்பெண் உடுமாற்றுத் துணியோடு மூட்டை கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குற்றாலிங்கம் பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. "எவன்ட்டி அவன்?" என்றார்.

"யாருமில்லப்பா."

"வெளிச்சம் வருது, வெளிச்சம் வருதுன்னு சொன்னியே, இப்பத்தான் வெளங்குது. டார்ச் லைட் அடிச்சிச் சைகை காட்டுதான். எந்த மாடியிலேருந்து? பின்தெருவா?"

அவர் பார்வை பின்தெருப் பக்கம் போனதும் சுந்தரிக்கு யாக்கூப் பெயர் நினைவுக்கு வந்தது. அந்தப் பையனை அவள் நேரே நின்று பார்த்ததுகூட இல்லை. அப்பா உள்ளே போய் அரிவாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். சுந்தரி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மலையிலிருந்து வரும் நட்சத்திரம், நடுவானத்தில் அணைவது, காந்தளி, வான்படகு, அதற்காகக் கட்டிய அவல் மூட்டை. மூச்சுவிடாமல் சொன்னாள்.

அப்பா அவளை முழித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து கோமதியம்மாள் தலையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு, "அய்யோ, எம் பிள்ளைக்குப் பித்துப் பிடிச்சிட்டே! கேட்டீங்களா அது பேசுதத? அப்பவே எனக்குச் சந்தேகம், தனியாச் சிரிக்குது, தனியாப் பேசுதுன்னு" என்று கதறினாள். அப்பாவின் கையிலிருந்து அரிவாள் மெல்லக் கீழே தாழ்ந்தது.

அந்த வாரமே சுந்தரியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

பித்துப் பிடித்தவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவியில் நிறுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு மண்டலம் அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் சூடு இறங்கித் தெளிந்துவிடும் என்பார்கள். அம்மாவும் மகளும் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். அப்பா ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போவார். அருவியில் பிடித்து நிறுத்துவதற்கு முப்பிடாதியம்மாள் என்று ஒருத்தியை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆள் ஒல்லியாக இருந்தாலும் கை இரும்பு. சுந்தரியின் தலையில் எலுமிச்சம்பழத்தை அரக்கித் தேய்த்து, கூந்தலை ஒரு கையிலும் இடுப்பை மறு கையிலும் பிடித்து, பாறைச் சுவரோடு சேர்த்து அழுத்துவாள். தண்ணீர் மடேர் மடேரென்று தலையில் அறையும். மூச்சு முட்டும். கத்தினாலும் அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்காது. அவள் மட்டுமா? பக்கத்தில் புளியங்குடியிலிருந்து வந்த ஒரு பெண்ணைக் கால் சங்கிலியோடு நிறுத்தியிருந்தார்கள். அவள் அழவே இல்லை. தண்ணீருக்குள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். சுந்தரிக்கு அருவியைவிட அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது.

ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் வெளியே இருந்தாள். வண்டியில் வரும்போதே மேலகரம் வயல்காடுகளைக் கண்கொட்டாமல் பார்த்தாள். குளித்து முடித்து ஈரத்தலையோடு அறைக்கு நடக்கும் வழியில் குரங்குகள், தேங்காய்க் கடை, யார் யாரோ மனிதர்கள். பைத்தியக்காரப் பெண்ணை யாரும் "ஏன் இங்கன நிக்க?" என்று கேட்பதில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அம்மா ஒன்றும் சொல்வதில்லை.

நாள் போகப் போக முப்பிடாதியின் பிடி தளர்ந்தது. ஒருநாள் கோமதியம்மாள் துணி துவைக்கப் போனபோது அவள் சுந்தரியின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"தாயி, நான் எத்தனயோ பேரப் பாத்தாச்சி. ஒனக்குப் பித்துமில்ல, ஒண்ணுமில்ல. நெசத்துல பித்துப் பிடிச்சதுக தண்ணியக் கண்டா ஓடும். நீ திரும்பி ரூமுக்குப் போகும்போதுல்லா அழுத."

சுந்தரி சட்டென்று திரும்பினாள். "நான் பாத்தது நெசம், ஆச்சி."

"இருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய? தெளிஞ்சிட்டுன்னு ஒங்கப்பாட்டச் சொல்லிருதேன். ஆனா அவரு ஒன்கிட்ட ஒரு வார்த்த கேப்பாரு. அப்ப நீ, நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லணும். இல்லன்னா அடுத்த மண்டலமும் இங்கனதான்."

சுந்தரி யோசித்தாள். "இன்னும் கொஞ்ச நாள் தெளியாம இருக்கட்டுமா?" என்றாள்.

முப்பிடாதி கை நின்றது. அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் துவட்டினாள்.

அப்படி மேலும் சில நாள் கிடைத்தன. அருவி மெலிந்து, பாறை வெளியே தெரிய ஆரம்பித்ததும் அப்பா வந்தார். சுந்தரியை எதிரே உட்காரவைத்து, "அந்த வெளிச்சம், படகு எல்லாம்… பாத்தியா நீ?" என்று கேட்டார். அவர் முகம் இளைத்துக் கறுத்துப்போயிருந்தது. பாவமாகக்கூட இருந்தது.

"நான் ஒண்ணும் பாக்கலப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மாடியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குப் புதுச்சுவர் எழுந்திருந்தது. சாந்துகூட இன்னும் காயவில்லை.

அருவிக்குப் போன பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது எளிதில்லை. அடுத்த வருஷம் இலத்தூரில் ஒரு இடம் அமைந்தது. நமசிவாயம் என்று பெயர். அங்கே ஒரு அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளை. முப்பதைத் தாண்டியவன், முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். வீட்டில் அவனுடைய அம்மா சொல்வதுதான் சட்டம். கல்யாணத்துக்கு முன்பே அந்த அம்மாள் கோமதியம்மாளிடம் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். அந்தியில் வானத்தைப் பார்த்துத்தான் பித்து வந்தது என்பது அவளுக்கு விவரமாகத் தெரியும்.

ஆகவே இலத்தூர் வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் சுந்தரி அடுப்படிக்குள் போய்விட வேண்டும். மாமியார் வெளியிலிருந்து கொண்டியைப் போட்டுவிடுவாள். நன்றாக இருட்டிய பிறகு திறப்பாள்.

"ஒன் நல்லதுக்குத்தாம்ட்டி. மறுபடியும் வந்துட்டுன்னா எம்மவன் எத்தன தடவ தாலி கட்டுவான்?" என்பாள். கோபமாகச் சொல்வதில்லை, மருந்து கொடுப்பது போல் சொல்வாள்.

அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தது. புகை படிந்து அதுவும் பழுப்பாகிவிட்டிருந்தது. அந்தச் சதுரம் மெல்ல மெல்ல இருள்வதைப் பார்த்துக்கொண்டே சுந்தரி ராத்திரிச் சமையலை முடிப்பாள். கதைப் பத்திரிகை எதுவும் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றும் உத்தரவு. பழைய கதைகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். காந்தளி கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தொடர் முடிவதற்குள் அவளை அருவிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு முடிவை அவளே யோசித்துப் பார்த்தாள். அதிலும் ஏனோ ஒரு அடுப்படி வந்து நின்றது. விட்டுவிட்டாள்.

அறுபத்துமூன்று கார்த்திகையில் ஒருநாள், மழை விட்டிருந்த அந்திநேரம். கொண்டி போட்டாயிற்று. சுந்தரி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தெருவில் யாரோ கூப்பாடு போட்டார்கள். அப்புறம் இன்னொருவர். கொஞ்சநேரத்தில் ஊரே தெருவில் நிற்பது போல் சத்தம்.

"ஏலே, மேக்க பாருலே! வானம் பத்தி எரியுது!"

"சீனாக்காரன் குண்டு போட்டுட்டான்!"

"குண்டுன்னா சத்தம் கேக்காதாவே? இது வால்வெள்ளி."

"வால்வெள்ளி இப்படியா நெளியும்? பாம்பு மாதிரில்லா போகுது!"

"அம்மா தாயே, உலகம் முடியப்போவுதோ!"

சுந்தரி கதவைத் தட்டினாள். "அத்தை! அத்தை, கதவத் தொறங்க!" யாருக்கும் கேட்கவில்லை. உரல்மேல் ஏறி நின்று கண்ணாடி ஓட்டை விரலால் துடைத்தாள். உள்பக்கக் கரி போனது. வெளிப்பக்கப் பாசி அப்படியே இருந்தது. ஒரு மங்கலான ஆரஞ்சு நிறம் தெரிந்ததோ, இல்லை அடுப்பு வெளிச்சம்தான் கண்ணாடியில் விழுந்ததோ, அவளால் தீர்மானிக்க முடியவில்லை. கையால் ஓட்டைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. நெற்றியை ஓட்டில் முட்டிக்கொண்டு நின்றாள். ஒரு ஊர் முழுக்க, கிழவனும் கைக்குழந்தையும் மாடு மேய்ப்பவனும் பார்த்துக்கொண்டிருந்ததை, அவள் ஒருத்தி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கொண்டியைத் திறந்தது நமசிவாயம். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. உள்ளே வந்து மணையில் உட்கார்ந்தான்.

"என்னமோ காவிப்புகை மாதிரி… மலைக்கு மேல, ரொம்ப ஒசரத்துல… மொதல்ல ஒரு கோடு. அப்புறம் அது நெளிஞ்சி, சிக்குக்கோலம் மாதிரி சுத்தி, அப்படியே கலைஞ்சி போச்சி" என்று கையால் வரைந்து காட்டினான்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் சுந்தரி. இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"அத்தையும் பாத்தாங்களா?"

"எல்லாரும்தான் பாத்தாங்க."

சுந்தரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப ஒங்களையெல்லாம் எந்த அருவிக்குக் கூட்டிட்டுப் போறது?"

நமசிவாயம் எழுந்து போகவில்லை. புளி கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே அதைத் தூக்கி வைக்கவில்லை.

செய்தித்தாள் வந்ததும் விஷயம் தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில், தும்பா என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து ராக்கெட் விட்டிருக்கிறார்கள். அது மேலே போய் சோடியம் ஆவியைக் கக்கியிருக்கிறது. கீழே இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் இருக்குமாம். வெயில் பட்டுத்தான் அப்படி மின்னியதாம். மேல்காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதற்காகச் செய்ததாம். நமசிவாயம் இதைச் சுந்தரிக்கு வாசித்துக் காட்டினான். அதோடு விடவில்லை. ஆலை வேலையாகச் செங்கோட்டைக்குப் போனபோது, அங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாராக இருந்த ஏசுதாசனைத் தேடிப்போய் ஒன்று கேட்டுவிட்டு வந்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தியில் ஒரு நட்சத்திரம் மேற்கிலிருந்து நடந்து வந்து நடுவானத்தில் அணையுமே, அது என்ன?

"வாத்தியார் சிரிச்சிட்டாரு" என்றான் சுந்தரியிடம். "அது அமெரிக்காக்காரன் விட்ட பெரிய பலூனாம். வெள்ளித்தாள் மாதிரி பளபளன்னு இருக்குமாம். பூமிய ஓயாமச் சுத்திக்கிட்டே இருக்குமாம். பூமியோட நிழலுக்குள்ள போனதும் அணைஞ்சிருமாம். அவரு பள்ளிக்கூடத்துப் பயலுகள மைதானத்துல நிக்கவச்சி அதக் காட்டிப் பாடம் நடத்தினாராம்."

சுந்தரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அதே வருஷம், அதே அந்தி. பையன்களுக்கு அது பாடம்.

"உள்ள யாரும் இருப்பாங்களா?" என்றாள்.

"எதுக்குள்ள?"

"பலூனுக்குள்ள."

"யாரும் கெடையாது. வெறும் காத்துதானாம்."

அப்போதுதான் அவள் அழுதாள். தனக்குப் பித்தில்லை என்று ஊரறிய நிரூபணமானதற்கு அழுகிறாள் என்று நமசிவாயம் நினைத்தான். அதுவும் உண்டுதான். ஆனால் அந்தப் பாடெல்லாம் பட்டும் மனசின் ஒரு மூலையில் அந்தப் படகை அவள் காலியாக விட்டுவைத்திருக்கவில்லை. யாரோ இருந்தார்கள். இன்று அவர்களும் போய்விட்டார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கதவு திறந்துவிடவில்லை. மாமியாரிடம் நமசிவாயம் பக்குவமாக எடுத்துச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராக்கெட்டோ பாக்கெட்டோ, அந்தியில பொம்பள வெளிய நிக்கப்படாது" என்றாள். மறுநாளும் கொண்டி விழுந்தது. சில நாள் கழித்து நமசிவாயம் அந்தக் கொண்டியைக் கழற்றிக்கொண்டு போனான். துருப்பிடித்திருக்கிறது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னான். அது திரும்பி வரவே இல்லை. அவனால் முடிந்தது அவ்வளவு. கொண்டி இல்லாத கதவுக்கு உள்ளேயும் சுந்தரி அந்தியில் உட்கார்ந்துதான் இருந்தாள். மாமியார் கூடத்தில், கதவுக்கு நேராக, உட்கார்ந்திருந்தாள்.

பொங்கலுக்குப் பிறந்தவீட்டுச் சீரான பொங்கப்படி கொடுப்பதற்குக் கோமதியம்மாள் இலத்தூருக்கு வந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தாயும் மகளும் சிறுகிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். பின்தெரு ஜாஹிராவைப் புருஷன் வந்து கொழும்புக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றாள் அம்மா. போட் மெயில் ரயிலில் கடற்கரை வரைக்கும் போய், அங்கிருந்து கப்பலாம். சுந்தரிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏக்கமாகவும் இருந்தது. கொஞ்சநேரம் கழித்து, பலூன் விஷயத்தைச் சொன்னாள்.

"வாத்தியார் சொன்னாராம்மா. நான் பாத்தது நெசம். எனக்குப் பித்தே இல்ல."

கோமதியம்மாள் கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள். "அது எனக்குத் தெரியும்" என்றாள்.

"பலூன்னு தெரியுமா?"

"அது என்ன எழவோ. ஒனக்குப் பித்தில்லன்னு தெரியும்."

சுந்தரியின் கை நின்றுவிட்டது.

"ஒங்கப்பா கையில அருவா இருந்துச்சிட்டி. பின்தெருப் பயல வெட்டிட்டு வந்து ஒன்னையும் வெட்டியிருப்பாரு. ஒருத்தனும் இல்லன்னு நீ சொன்னா நம்புவாரா, நான் சொன்னா நம்புவாரா? நீ படகு, நட்சத்திரம்னு என்னமோ சொன்ன. அத அப்படியே பிடிச்சிக்கிட்டேன். கிறுக்குன்னேன். நம்பிட்டாரு. கிறுக்க யாரும் வெட்ட மாட்டாங்க."

"அருவியில என்ன அந்தப் பாடு படுத்தும்போதும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அம்மா கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டாள். "வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு? எங்கம்மா எனக்கு என்ன சொல்லித் தந்தா?"

சுந்தரியால் அவளை மன்னிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அம்மா மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தலையில் பூ வைத்துவிட்டாள். நடைவரைக்கும் வந்து வழியனுப்பினாள். பஸ் நிறுத்தம் தெருமுனையில்தான். அதுவரை கூடப் போகலாமா என்று கேட்க நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டாள்.

அதற்கடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. தெருவில் சுந்தரியின் பெயர் என்னவோ "அருவிக்குப் போன பிள்ளை" என்பதாகவே இருந்தது. ராக்கெட் சங்கதி எல்லாருக்கும் தெரிந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை. ஆனால் வானத்தில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் பெண்கள் கொல்லைப்புறமாக வந்து அவளிடம்தான் கேட்பார்கள். அவள் வெளியே வந்து பார்க்கமாட்டாள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, "மினுக்குதா, மினுக்கலையா? நகருதா?" என்று விசாரித்து, உள்ளேயிருந்தபடியே பிளேன் என்றோ வெள்ளி என்றோ சொல்லி அனுப்புவாள்.

அறுபத்தைந்து ஐப்பசி. அந்தியில் நிற்கக் கூடாது என்ற வீட்டில், விடியலில் நிற்பது மருமகளின் வேலை. வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டுமே. அன்று சுந்தரி சாணித்தண்ணீர் வாளியோடு வெளியே வந்து நிமிர்ந்தபோது, கிழக்கே தென்னைகளுக்கு மேலே ஒரு நீண்ட வெள்ளை வால் நின்றது. யாரோ தென்னம்பாளையை விரித்துச் சாய்த்து வைத்தது போல, அடியில் குறுகி மேலே அகன்று, கால்வாசி வானத்துக்கு. தெருவில் ஒரு ஜீவன் இல்லை.

நிதானமாகப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, வாளியை வைத்துவிட்டு உள்ளே போய் மாமியாரின் தோளைத் தொட்டாள்.

"அத்தை, எந்திரிங்க. ஒண்ணு காட்டுதேன்."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே, சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். சுந்தரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி… இது என்னட்டி?"

"வால்வெள்ளி அத்தை. ஒண்ணும் செய்யாது. வந்துட்டுப் போயிரும்."

கிழவி அண்ணாந்தபடியே வெகுநேரம் நின்றாள். அறுபது வயதில் விடியல் வானத்தை அவள் வேலையில்லாமல் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை போலிருந்தது. அப்புறம் தெருவின் இரு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நாம பாத்தோம்னு யார்ட்டயும் சொல்லிராத, என்ன? எம்மவன்ட்டகூட. ரெண்டு பேருக்கும் பிடிச்சிட்டும்பாங்க."

"சொல்லமாட்டேன்."

மறுநாள் சுந்தரி எழுப்பவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அவள் வாளியை எடுக்கும்போதே மாமியார் நடையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மழை மேகம் இல்லாத விடியல்களிலெல்லாம் மருமகள் கோலம் போட, மாமியார் கழுத்தை ஒடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தாள். வால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் இருந்த இடமே தெரியவில்லை. அன்று கிழவி ரொம்பநேரம் தேடிவிட்டு, "போயிட்டா?" என்று கேட்டாள். சுந்தரி ஆமாம் என்று தலையாட்டினாள். தெருவில் பால்காரன் மணிச்சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் எழுந்து உள்ளே போனார்கள்.